ஜலூசி ஆசாரி

பாலக்கரையில் அழகர்சாமி ஆசாரியின் கையைக் குறை சொன்னவர் யாரும் கிடையாது. அவன் மாட்டிய கதவு ஐப்பசி மழையிலும் உப்பி நிலையில் உரசாது. குறை சொல்ல வேண்டுமென்றால் வயிற்றைத்தான் சொல்ல வேண்டும். அது எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தது. மிளகாய்க் காரத்தால் அல்ல, பெண்டாட்டியை நினைத்து. அவள்மேல் பழி சொல்லவும் வழியில்லை. அவள் ஒன்றும் செய்யவில்லை. இவனாக விறகு வைத்து இவனாக ஊதிக்கொண்டான்.

இருசம்மாள் உப்பிலியபுரத்துப் பெண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் இவனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருச்சிக்கு வந்தாள். வாய்க்காரி. சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். தயிர்க்காரனை நிறுத்தி அவன் எருமையின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். வளையல்காரனிடம் சண்டை போடுவாள், அப்புறம் தண்ணீர் கொடுப்பாள். எல்லாரும் எல்லாரோடும் பேசுகிற ஊரில் வளர்ந்தவள்; டவுனிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். அழகர்சாமி அவளைவிட வயதில் ரொம்ப மூப்பு. முன்தலை வழுக்கை, புருவமெல்லாம் மரத்தூள். கண்ணாடியைப் பார்த்தால் அவனுக்கே அவன்மேல் நம்பிக்கை வராது. பிள்ளையும் இல்லை. வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான். அந்த ஒருத்தியை யாராவது பார்த்துவிட்டால்கூடக் கொஞ்சம் குறைந்துபோவாள் என்பது போல ஒரு பதைப்பு.

அடிக்கிற ஆள் இல்லை. கேட்கிற ஆள். வேலை முடிந்து வந்து சோற்றில் கை வைத்ததும் ஆரம்பிப்பான்.

“தயிர்க்காரன் இன்னிக்கு என்ன அவ்வளவு நேரம் நின்னானாம்?”

“தயிரு புளிச்சிருந்துது. சண்டை போட்டேன்.”

“சண்டைன்னா சிரிப்பு ஏன் வருது?”

“அவன் எருமைமேல பழியைப் போட்டான். சிரிச்சேன்.”

“எருமையப் பத்திப் பேசற அளவுக்குப் பழக்கமா?”

இப்படி ஒரு கேள்வி நாலு குட்டி போடும். சோறு ஆறிப்போகும். உறையூரில் இருந்தபோது எதிர்வீட்டு நெசவாளி தறியில் உட்கார்ந்து பாடுகிறான் என்று வீடு மாற்றினான். எடமலைப்பட்டி புதூரில் கிணற்றடி ரொம்பத் திறந்து கிடக்கிறது என்று மாற்றினான். பாலக்கரைக்கு வந்த அன்று இருசம்மாள் இடுப்பு மூட்டையைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

“இத்தோட சரிங்க. இனிமே மூட்டை கட்டினா எங்கண்ணன் வீட்டுக்குத்தான் கட்டுவேன். போனா வரமாட்டேன்.”

சொன்னதைச் செய்கிறவள். அது அவனுக்குத் தெரியும். எரிச்சலோடு பயமும் சேர்ந்துகொண்டது. அவள் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைப்பான். போனால் யாருடன் போவாள் என்று அடுத்த நினைப்பு வரும். திருந்துகிற ஜன்மமா அது.

முப்பத்துநாலாம் வருஷம் தை மாதம், கண்டோன்மெண்டில் ஒரு பங்களாவுக்கு அமலராணி அம்மாள் என்று ஒருவர் குடிவந்தார். பாண்டிச்சேரியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்ந்தவர். பிரெஞ்சும் லத்தீனும் படித்தவர். அவர் அழகர்சாமியைக் கூப்பிட்டு, “சன்னலுக்கெல்லாம் ஜலூசி போடணும் மேஸ்திரி” என்றார்.

“அது என்னங்கம்மா?”

சாமான்களோடு பாண்டிச்சேரியிலிருந்து ஒன்று வந்திருந்தது. அதை எடுத்துக் காட்டினார். கதவு போலச் சட்டம். சட்டத்துக்குள் விரல் அகலப் பலகைகள், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. உள்பக்கம் நடுவில் ஒரு குச்சி. குச்சியை மேலே தள்ளினால் பலகையெல்லாம் விரிகிறது, கீழே இழுத்தால் படுத்துக்கொள்கிறது.

“வெயிலு வராது, காத்து வரும்” என்றார் அம்மாள். “உள்ளே இருக்கிறவங்களுக்குத் தெரு தெரியும். தெருவில இருக்கிறவங்களுக்கு உள்ளே ஒண்ணும் தெரியாது. அதுதான் இதில சூட்சுமம்.”

கடைசி வார்த்தைகள் காதில் விழுந்ததும் அழகர்சாமியின் வயிற்றில் சில்லென்று தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. அந்தப் பழைய ஜலூசியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பிரித்து, அளந்து, மறுபடி பூட்டினான். முதல் ஜலூசியை அம்மாளுக்குச் செய்யவில்லை. தன் வீட்டுத் தெருச்சன்னலுக்குச் செய்தான். நல்ல தேக்கு. மாட்டிவிட்டுத் தெருவில் இறங்கி நின்று பார்த்தான். உள்ளே இருட்டுத்தான் தெரிந்தது.

“நல்லாத்தாங்க இருக்கு. காத்து பிச்சுக்கிட்டு வருது” என்று உள்ளேயிருந்து இருசம்மாள் குரல் வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, சில நாள் அந்த வீட்டில் சோறு சூடாகச் சாப்பிடப்பட்டது. அப்புறம் ஒரு மத்தியானம், இழைப்புளி ஓட்டிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. தெருவில் போகிறவன் அவளைப் பார்க்க முடியாது, சரி. அவள் அவனைப் பார்க்கலாமே. எவனைப் பார்க்கிறாள், எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று வெளியே நிற்கிற ஒருத்தனுக்கும் தெரியாது. புருஷனுக்கும் தெரியாது. முன்னே அவள் சன்னலில் நின்றால் முகமாவது தெரிந்தது. இது அதைவிட மோசம்.

வீட்டுக்கு வந்தான். பலகைகளைப் படுக்க வைத்து, தெருப்பக்கத்திலிருந்து ஓரம் முழுக்க ஆணி அறைந்தான்.

“காத்துக்குக் கடகடன்னு ஆடுது. தூக்கம் கெடுது” என்றான்.

இருசம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்காரி பேசாமல் இருந்தாள் என்றால் அது நல்லதுக்கு இல்லை. அவனுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் ஆணியை எடுக்க மனசு வரவில்லை.

அவன் மரம் வாங்குகிற மரவாடியில் வேதாந்தம் என்று ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் எழுத்து வேலை பார்த்தார். தென்கலை நாமம், வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. இங்கிலீஷ் சொல் எது காதில் விழுந்தாலும் அதை உரித்து, உள்ளே சம்ஸ்கிருதம் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் அன்று முழுக்க முகம் சிறுத்துப்போகும். அழகர்சாமி புதுச் சொல்லோடு போய் நின்றான்.

“ஜலூசியா?” என்று கண்ணை மூடிக்கொண்டார் வேதாந்தம். “டோர்னா என்ன? த்வாரம். நேம்னா நாமம். டூத்துன்னா தந்தம். எல்லாம் இங்கேருந்து போனதுதான் ஓய். ஜலூசிலே என்ன சந்தேகம்? ஜாலகம். வலை மாதிரி அடைச்ச சன்னலுக்கு ஜாலகம்னு பேர். தமிழ்லேகூட சாலேகம்னு சொல்லியிருக்கா. ஜாலகம், ஜாலகி, ஜலூசி. பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரியிலே கப்பல்லே ஏத்திண்டு போயிருக்கான்.”

“அப்ப நம்ம சாமான்தானா சாமி?”

“நம்மதுதான். அவன் திரும்பக் கொண்டுவந்து நமக்கே விக்கறான்.”

அழகர்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. திருச்சியில் வேறு எந்த ஆசாரிக்கும் இந்தச் சொல் தெரியாது. தெரிய வருவதற்குள் பட்டறை வாசலில் இங்கிலீஷில் ஒரு போர்டு மாட்டிவிட வேண்டும். எழுத்தை ஒரு தாளில் எழுதித் தருவதாக வேதாந்தம் ஒத்துக்கொண்டார்.

சொன்னபடி எழுதி எடுத்து வந்தார். ஆனால் அவர் வந்தது மத்தியானம். அழகர்சாமி அமலராணி அம்மாள் பங்களாவில் இருந்தான். பூட்டியிருந்த பட்டறையைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருந்த அவன் வீட்டுச் சன்னல் இடுக்கில் தாளைச் செருகிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலம் எதிர் வெற்றிலைக் கடைக்காரன் அதைக் காலும் கையும் வைத்துச் சொன்னான்.

“மரவாடி ஐயங்காரு வந்தாரு. உங்க வீட்டம்மா உள்ளேருந்து ஏதோ கேட்டுது, அவரு ஏதோ சொன்னாரு. ரெண்டு பேரும் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, என்னான்னு தெரியாமலே.”

அன்று அழகர்சாமி கேள்வி கேட்கவில்லை. கேட்டால் மூட்டை கட்டிவிடுவாள் என்ற பயம். கேட்காத கேள்வி, கேட்ட கேள்விகளைவிட உள்ளே பெரிதாக வளர்ந்தது. படித்தவன், சிவப்பானவன், சொல்லை உரிக்கத் தெரிந்தவன். அவனோடு சிரிக்காமல் வழுக்கைத் தலையனோடா சிரிப்பாள்? தாளை மடித்துக்கொண்டு தெப்பக்குளத்துப் பக்கம் போர்டு எழுதுகிற கியாசுதீனிடம் கொடுத்தான்.

கியாசுதீன் நன்றாக எழுதுவார். சினிமாக் கொட்டகைக்குத் தட்டி எழுதி எழுதி இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. போர்டைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“ஐயங்காரு எழுத்துப்பிழை விட்டிருந்தாரு ஆசாரி. ஜே-க்குப் பின்னால ஒரு ஈ விட்டுப்போச்சு. கடைசியில ஒய் வரணும், அவரு ஐ-யும் ஈ-யும் போட்டிருந்தாரு. வெள்ளைக்காரப் படத்துத் தட்டியில நான் எழுதின வார்த்தைதானே. சரி பண்ணிட்டேன். மேக்கர்னு பக்கத்துல ஒண்ணு சேர்த்திருக்கேன், அது நம்ம அன்பளிப்பு.”

நீலத்தில் மஞ்சள் எழுத்து. பட்டறை வாசலில் மாட்டி, கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனாலும் அழகாக இருந்தது.

மறுநாள் காலை ரயில்வே கார்டு ஒருவர், சட்டைக்காரர் என்று ஊர் சொல்கிற ஆங்கிலோ இந்தியர், டியூட்டிக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தினார். போர்டைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“மேஸ்திரி, யாருக்கு ஜெலசி?”

“யாருக்கு வேணும்னாலும் செஞ்சு தருவேன் தொரை. அளவு சொன்னாப் போதும்.”

கார்டு சைக்கிள் கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். “அளவா? எங்க வீட்டு அம்மாகிட்ட ரொம்பப் பெரிசா ஒண்ணு இருக்கு. புதுசு வேணாம்.”

“சன்னலுக்குத்தானே தொரை?”

“சன்னல் இல்லே மேன். பெண்சாதி வேற ஆளோட சிரிச்சா, புருசனுக்கு இங்கே எரியும்.” வயிற்றைத் தொட்டுக் காட்டினார். “அதுக்குப் பேரு ஜெலசி. நீ அதைச் செஞ்சு விக்கறேன்னு எழுதியிருக்கே.”

அவர் போய்விட்டார். அழகர்சாமி உளியைக் கீழே வைத்தான். கியாசுதீன் திருத்தியது, ஈ, ஒய், எதுவும் அவன் நினைவுக்கு வரவில்லை. மனசு நேராக ஒரே இடத்துக்குப் போனது. அவள் சொல்லியிருக்கிறாள். என் புருஷன் இப்படிப்பட்டவன் என்று சன்னல் வழியாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஐயங்கார் அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து, என் வாசலிலேயே என்னை மாட்ட வைத்துவிட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தது இதற்குத்தான்.

வீட்டுக்குள் போய், “அந்த ஐயங்காருகிட்ட என்னைப் பத்தி என்னடி சொன்னே?” என்றான்.

இருசம்மாள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “எந்த ஐயங்காரு?”

“சன்னல் வழியாச் சிரிச்சியே, அவரு.”

“சிரிச்சேன். கதவைக்கூடத் திறக்கலை. அதுக்கென்ன?”

“எதுக்குச் சிரிச்சே?”

“சிரிப்பு வந்துது.”

அவன் போர்டைப் பற்றிச் சொன்னான். கார்டு வயிற்றைத் தொட்டுக் காட்டியதைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. சுளகைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“நீங்க இப்படின்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. எங்கண்ணன்கிட்டகூடச் சொன்னதில்லை. சொல்ல எனக்குத்தான் வெக்கம்” என்றாள். எழுந்து போய்க் கொடியில் கிடந்த சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

“நான் அந்த ஆளைக் கேட்டுட்டு வரேன். வந்து உன்னைக் கேக்கறேன்” என்று வெளியே இறங்கினான். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஸ்ரீரங்கம் பஸ் நிரம்பி வழிந்தது. அன்று பங்குனி உத்திரம் என்பது ஏறின பிறகுதான் அவன் நினைவுக்கு வந்தது. சித்திரை வீதியில் வேதாந்தத்தின் வீட்டில் அவர் மனைவி கோதைநாயகி, “அவர் இன்னிக்கு ஆத்திலே இருப்பாரா? தாயார் சன்னதியிலே மட்டையடி பார்க்கப் போயிட்டார்” என்றாள்.

அந்த உற்சவம் தெரியாத திருச்சிக்காரன் உண்டா. பெருமாள் உறையூருக்குப் போய் அங்கே இருக்கிற நாச்சியாரோடு இருந்துவிட்டு வருகிறார். ஸ்ரீரங்கத்துத் தாயாருக்கு அது தெரிந்துபோகிறது. உத்திரத்தன்று அவர் வரும்போது தாயார் கதவைச் சாத்திவிடுகிறாள். அழகர்சாமி கூட்டத்தில் முண்டிக்கொண்டு போனபோது பெருமாளின் பல்லக்கு சன்னதியை நெருங்கிக்கொண்டிருந்தது. கதவு அவர் முகத்துக்கு நேரே படாரென்று மூடியது. உள்ளே இருப்பவர்கள் பூவையும் வாழைமட்டையையும் வீசினார்கள். பல்லக்கு பின்வாங்கியது. மறுபடி வந்தது. மறுபடி கதவு. கூட்டம் அதைச் சிரித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு சாத்துகிற சத்தத்தில் கோபம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத் தெரிந்த தொழில் அவனுடையது.

தூண் ஓரமாக வேதாந்தம் கைகூப்பி நின்றார். அழகர்சாமி அவர் பக்கத்தில் போய் நின்றான்.

“சாமி, எம் பொண்டாட்டி உங்ககிட்ட என்ன சொன்னா?”

“இப்போ கேக்கற கேள்வியாய்யா இது? பெருமாள் வெளியிலே நிக்கிறார்.”

“நானும் வெளியிலதான் நிக்கறேன் சாமி.”

அந்தக் குரலைக் கேட்டு வேதாந்தம் திரும்பினார். அவனைக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார். போர்டுக் கதையைக் கேட்டதும் முதலில் சிரிக்கப் பார்த்தார். அப்புறம் முகம் சிறுத்துப்போயிற்று.

“நான் எழுதினது சன்னலுக்கான எழுத்துதான். அந்தப் பெயிண்டர் மாத்திட்டான். ஆனா ஆசாரி, உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். ஜாலகம்னு சொன்னேனே, அது தப்பு. அந்தப் பாண்டிச்சேரி அம்மாகிட்டப் போய்ப் பெருமையாச் சொன்னேன். அந்த அம்மா சிரிச்சுட்டா. ஜலூசியும் ஜெலசியும் ஒரே சொல்லாம்.”

“ஒரே சொல்லா?”

“கிரேக்க பாஷையிலே ஸேலோஸ்னு ஒரு சொல். மனசு ஒண்ணுமேலே கொழுந்துவிட்டு எரியறது. கொதிக்கறதுங்கற சொல்லுக்கு அது உறவுன்னும் சிலபேர் சொல்றாளாம். அது லத்தீனுக்கு வந்து ஸேலுஸ் ஆச்சு. சாமிமேலே எரிஞ்சா நல்லது. அந்தக் கிளை இங்கிலீஷ்லே ஸீல்னு தனியாப் போயிடுத்து. பெண்டாட்டிமேலே எரிஞ்சா பிரெஞ்சுக்காரன் ஜலூசின்னான். அதையே இங்கிலீஷ்காரன் வாங்கிண்டு ஜெலசின்னான்.”

“அப்ப சன்னலு எப்படிச் சாமி உள்ளே வந்துது?”

“இத்தாலியிலே புருஷன்மாருக்கு ஒரு கவலை. பெண்டாட்டியைத் தெருவிலே போறவன் பார்த்துடுவானோன்னு. சன்னலுக்குத் தட்டி அடைச்சான். அந்தத் தட்டிக்கு ஊர் வெச்ச பேரே பொறாமை. அந்தப் பேர்தான் பிரெஞ்சுக்கும் வந்துது. மரத்துக்குப் பேர் வெக்கலை ஓய். அடைச்சவன் மனசுக்குப் பேர் வெச்சிருக்கா.” வேதாந்தம் எச்சிலை விழுங்கினார். “நம்ம சொல் இல்லையேன்னு எனக்கு வயித்தெரிச்சல். அதனாலதான் உன்கிட்டச் சொல்லலை.”

அந்தப் பக்கம் மறுபடி கதவு மூடும் சத்தம்.

“அவ எதுக்குச் சிரிச்சா சாமி? அதை மட்டும் சொல்லிடுங்க.”

“தாளைச் செருகினேன். ‘ஜலூசிக்கு எழுத்து இதுதானுங்களா சாமி, அசையாத ஜலூசிக்கு என்ன பேரு’ன்னு உள்ளேருந்து கேட்டா. ‘சுவர்’னேன். சிரிச்சா. நானும் சிரிச்சேன். ஏன் அசையலைன்னு கேட்டதுக்கு, மழையிலே மரம் உப்பிடுத்துன்னா.”

“மாசி மாசத்துல ஏது சாமி மழை?”

“அதான் நானும் யோசிச்சேன். வெளியிலே வரிசையா ஆணி. எனக்குக் கண் இல்லையா? ஆனா உன் ஆத்துக்காரி மரம் உப்பித்துன்னு சொன்னப்புறம் ஆணின்னு நான் எப்படிச் சொல்றது?”

அழகர்சாமி மாட்டிய மரம் உப்பிவிட்டது என்று அவன் காதுபட யாராவது சொல்லியிருந்தால் வெட்டுக்குத்து ஆகியிருக்கும். அவள் சொல்லியிருக்கிறாள். ஊர் மெச்சுகிற கையை விட்டுக்கொடுத்து, யாருக்கும் சொல்ல முடியாத வயிற்றை மறைத்திருக்கிறாள். அவன் நெற்றியைத் தூணில் வைத்துக்கொண்டான்.

“இரு ஓய். நம்மாழ்வார் வந்து சமாதானம் பண்ணுவார். கதவு திறக்கறதைச் சேவிச்சுட்டுப் போ.”

“எனக்குச் சமாதானம் சொல்ல யாரும் வரமாட்டாங்க சாமி. நானே போய்ச் சொல்லிக்கறேன்.”

பாலக்கரைக்கு வந்து சேர்ந்தபோது கதவு அப்படியேதான் இருந்தது. தட்டினான். பதில் இல்லை. போய்விட்டாளோ என்று பூட்டைத் தேடினான். வெளியே பூட்டு இல்லை, உள்ளேதான் இருக்கிறாள். சன்னலுக்குப் போய், அடைத்த பலகைகளுக்குப் பக்கத்தில் வாயை வைத்தான்.

“இருசு.”

“கேட்டுட்டு வந்தீங்களா?” குரல் பக்கத்திலேயே இருந்தது.

“கேட்டேன். நீ சொன்னதையும் சொன்னாரு. மரம் உப்பிப்போச்சுன்னியாமே.”

ஆணித் தலைகளை விரலால் தடவினான்.

“எம் மரம் உப்பாது புள்ள.”

“தெரியும். உங்க புத்திதான் உப்பிப்போச்சு. அதைச் சொல்ல முடியுமா?”

அவன் பட்டறைக்குப் போய்க் ஆணி பிடுங்குகிற கொறடு எடுத்துவந்தான். வெற்றிலைக் கடைக்காரன் வேடிக்கை பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். தேக்கில் அடித்த ஆணி லேசில் வரவில்லை. அடித்தவன் நன்றாகத்தான் அடித்திருந்தான். கடைசி ஆணி கீழே விழுந்ததும் உள்ளே குச்சி மேலே போயிற்று. பலகைகள் விரிந்தன. இவனுக்கு இருட்டுத்தான் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. வழுக்கையை, மரத்தூளை, கையில் கொறட்டோடு நிற்கிற இந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாளோ. தெருவில் நின்று அவ்வளவு வெட்கப்பட்டது அவனுக்கு அதுவே முதல் தடவை.

“எனக்கு நீ தெரியலை” என்றான்.

“எனக்கு நீங்க தெரியறீங்க. அது போதும்.” அவளே தொடர்ந்து சொன்னாள்: “அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. நாளைக்குப் பஸ் ஏறறேன். தனியாத்தான் போவேன்.”

“திரும்பி வருவியா?”

“வந்தா ஒரு கண்டிசன். சோத்துல கை வெச்சா ஒரு கேள்வி கேக்கலாம். ஒண்ணே ஒண்ணு. நான் உள்ளதைச் சொல்லுவேன். ரெண்டாவது கேட்டீங்க, மூட்டைதான்.”

“சரி.”

“சரின்னா சரியா இருக்கணும்.”

தாழ்ப்பாள் திறந்தது.

மறுநாள் உப்பிலியபுரம் போகத் துறையூர் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டான். “வாங்கக்கா, இப்படி முன்னால உக்காருங்க” என்றான் கண்டக்டர், நல்ல கிராப்பு வைத்த பையன். அக்கா என்றுதானே சொன்னான் என்று அழகர்சாமி தனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டான். பஸ் கிளம்பியபோது அவள் கையை ஆட்டினாள். அவனுக்கா, கண்டக்டருக்கா என்று ஒரு கணம் குழப்பம். ஓடிப்போய் ஏறிவிடலாமா என்று கால் துடித்தது. ஏறவில்லை.

அவள் இல்லாத நாட்களில் வேலை உருப்படவில்லை. உப்பிலியபுரத்தில் காதுகுத்துக்கு யார் யார் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே ஒரு நல்ல சட்டத்தை அளவு குறைத்து அறுத்துவிட்டான். கிரேக்கனுக்கு இது கொதிப்பு. நம் ஆட்கள் பொறாமை என்றார்கள், பொறுக்க மாட்டாதது. எந்த ஊரான் எந்தப் பேர் வைத்தால் என்ன, எரிகிறவன் பொறுத்துத்தான் ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இழைத்தான். கியாசுதீன் செய்தி கேட்டுப் பதறிக்கொண்டு வந்தார்.

“தப்பாப் போச்சாமே ஆசாரி. அழிச்சு எழுதித் தரேன், கூலி வேணாம்.”

“இருக்கட்டும் பாய். அர்த்தம் சரியாத்தான் இருக்கு.”

போர்டு இருந்தது. ரயில்வே காலனியில் அந்த வேடிக்கை பரவி, சிரிக்க வந்தவர்கள் சன்னலுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜலூசி ஆசாரி என்ற பேர், நாற்பத்தாறாம் வருஷம் அவன் கண்ணை மூடுகிறவரை நின்றது. அந்தப் பேருக்கு அவன் வஞ்சனை செய்யவும் இல்லை; வயிறு கடைசிவரை எரிந்துகொண்டுதான் இருந்தது. நாள் முழுக்க மரத்தை இழைத்தபடியே மனசுக்குள் கேள்விகளையும் இழைப்பான். இது வேண்டாம், அது வேண்டாம் என்று தள்ளித் தள்ளிச் சாயங்காலத்துக்கு ஒன்றைத் தேற்றுவான்.

அந்தக் காதுகுத்து முடிந்து உப்பிலியபுரத்திலிருந்து அவள் வந்து இறங்கிய அன்று இலையில் சோறு வைத்து, எதிரே உட்கார்ந்து, “கேளுங்க” என்றாள்.

கேட்க மாட்டேன் என்றுதான் இருந்தான். நாக்கு அடங்கவில்லை.

“பஸ்ஸில வர்றப்ப பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?”

“ஒரு கிழவி. மடியில ஆட்டுக்குட்டி வெச்சிருந்தா.”

எந்த ஊர்க் கிழவி, கிழவிக்குத் துணை யார், மகனா, பேரனா என்று எல்லாம் தொண்டைவரை வந்தது. குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். இருசம்மாள் அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவளாகவே, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாள்:

“கிடாக்குட்டி.”

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு எதிர்க் கடைவரை கேட்டது. அழகர்சாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. “இன்னும் கொஞ்சம் சோறு வை” என்றான்.